தும்மலுக்குத் திரும்பிய ஊர்வலம்

மூத்தவளும், வீட்டுக்கும் தினைப்புனத்துக்கும் உரியவளுமான லவாவுஸ் அக்காவின் சமுகத்துக்குத் தம்பி பெலெங் வணங்கி எழுதுவது. இங்கு நான், என் மகள் செலெப், இரண்டு பன்றிகள் எல்லோரும் சுகம். கௌஷியுங் பட்டணத்தில் நீயும் அத்தானும் மழையில் நனையாமல் சுகமாக இருக்கவேண்டும்.

அக்கா, நிலத்தை மாம்பழக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுடாதே! அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மூச்சு வாங்கிக்கொள்கிறேன். நம் புனத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்துத் தினை வகுப்புக்கு இந்த வருஷம் அனுமதி கிடைக்காவிட்டால் புனம் மாந்தோப்பாகிவிடும் என்று போனில் சொன்னாய் அல்லவா? கிடைத்துவிட்டது! எப்படிக் கிடைத்தது என்று கேள்.

சனிக்கிழமை காலை அறுவடை. தைப்பேயிலிருந்து ஒரு பஸ் நிறையச் சுற்றுலாக்காரர்கள், வகுப்பைப் பார்வையிட வந்த சூ என்கிற அதிகாரியம்மா, கூடவே புனத்தை ஒரு கண் பார்த்துவிடலாம் என்று உன் மாம்பழக்காரரும் வந்துவிட்டார். கூட்டம் பெரிதாகத் தெரியவேண்டுமே! புனத்துப் பரணில் குருவி ஓட்டிக்கொண்டிருந்தவர்களையும் கீழே இறக்கி, தலையில் பூ வளையம் வைத்து, ஊர்வலத்தில் சேர்த்துவிட்டேன். முன்னால் செலெப்பும் வகுப்புப் பிள்ளைகளும், பின்னால் நாங்கள். பள்ளி வாசலைத் தாண்டவில்லை, தைப்பே ஆசாமி ஒருவர் அச்சென்று தும்மினார்.

உனக்குத் தெரியாததா? அறுக்கப் போகிற வழியில் தும்மல் கேட்டால் திரும்பித்தான் ஆகவேண்டும். பெரியவர்கள் நாம் கொஞ்சம் காது கேட்காத மாதிரி நடந்துவிடுவோம். பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியத்தை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. "திரும்புங்க!" என்றாள் செலெப். எல்லோரும் பள்ளிக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பினோம். சுற்றுலாக்காரர்களுக்கு ஒரே குஷி.

அப்புறம் பாலத்துக்கிட்ட போறோம், அதிகாரியம்மாவே தும்மிட்டாங்க! "அது இருமல்மா, வெறும் இருமல்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

"பொய் சொல்லாதப்பா. மூக்குலேர்ந்துதான் வந்துச்சு" என்றாள் என் மகள்.

"ஏய், அவங்க கையெழுத்துப் போடலேன்னா உனக்கு வகுப்பே கிடையாதுடி!" என்று அவள் காதோடு சொன்னேன்.

"இப்பத் திரும்பலேன்னா வகுப்புல என்னத்தக் கத்துக்கிட்டோம்? எல்லாரும் திரும்புங்க!"

அதிகாரியம்மா விறுவிறுவென்று திரும்பி நடந்தார். தொலைந்தது, புனத்தில் மாங்கன்று நட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினோம். "ஏம்ப்பா பெலெங், இந்த நிலத்துக்குப் போய்ச் சேரவே ஒரு ஆயுசு வேணும்போல இருக்கே!" என்று மாம்பழக்காரர் நக்கலடித்தார். மூக்கை விட்டுச் சிரித்தாரா, சிரிப்போடு தும்மலும் வந்தது. செலெப் பட்டாளம் சும்மா விடுமா? மறுபடி பள்ளி, மறுபடி தண்ணீர், மறுபடி ஏற்றம். கடைசியில் புனத்தின் ஓரத்தில், கதிர் கைக்கு எட்டுகிற இடத்தில், யார் தும்மியது தெரியுமா? நானேதான். தினைத்தூசி அக்கா, நான் என்ன பண்ணுவேன்!

"அப்பான்னெல்லாம் பாக்க முடியாது. திரும்புங்க."

பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு கதிர்கூட அறுக்கவில்லை. பள்ளி வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அதிகாரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எவ்வளவோ பள்ளிக்கூடம் போயிருக்கேன். பிள்ளைங்க எனக்காக ஆடும், பாடும். நான் கார் ஏறினதும் வேஷத்தைக் கழட்டிப் போட்டுடும். என்னையே திருப்பி அனுப்பினது இவங்கதான்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார். மூன்று வருஷத்துக்கு அக்கா, மூன்று வருஷத்துக்கு! சுற்றுலாக்காரர்கள் அடுத்த வாரமும் வருகிறார்களாம், புனத்தைப் பார்க்காமல் விடமாட்டார்களாம். மாம்பழக்காரர் என்ன சொன்னார் என்கிறாய்? "எனக்கு வருஷம் பூரா சளிப்பா. இந்த நிலம் எனக்குச் சரிப்படாது."

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே கட்டையில் குடைந்த இரட்டைக் குவளையில் நானும் அதிகாரியம்மாவும் தோளோடு தோள் சேர்த்துத் தினை மது குடித்தோம். அவர் குள்ளம், நான் நெட்டை, பாதி மது அவர் சட்டைக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊரில் ஆட்டம்தான், வீட்டில் ஒரு ஆள் கிடையாது.

ஆகவே நீ எதற்கும் கவலைப்படாதே. லீவு போட்டுக்கொண்டு, பஸ் ஏறி இடிபட்டு வரவேண்டிய அவசியமே இல்லை. உன் அடுக்களையில் புகை ஓயாதிருக்க மூதாதையர் அருள்வார்கள். அத்தானின் முழங்கால்வலியை விசாரித்ததாகச் சொல்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற உன் தம்பி,
பெலெங்

பி.கு.: இன்று திங்கட்கிழமை, ஒருத்தரும் தும்மாமல் புனத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். குருவிகள் எங்களுக்கு முன்னாலேயே அறுவடையை முடித்துவிட்டன. தாள் நிற்கிறது, கதிரில் ஒரு மணி இல்லை. பரணில் ஆள் இல்லாதது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை அக்கா. வகுப்பு இருக்கிறது, நிலம் இருக்கிறது, விதைக்கத்தான் தினை இல்லை. நம் வீட்டுத் தினையில் மிச்சம், மூத்தவள் என்று நீ கொண்டுபோய் உன் சமையலறையில் தொங்கவிட்டிருக்கிறாயே, அந்த ஒரு கட்டுதான். தபாலில் அனுப்பச் சொல்லலாம் என்று பார்த்தேன். செலெப் ஒப்பவில்லை. "விதை மூத்தவங்க கையாலதான் வரணும். அத்தைய வரச் சொல்லு" என்கிறாள். வா அக்கா. பிள்ளைகள் எல்லோரும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நீ வந்து இறங்குகிறவரை எழுந்திருக்க மாட்டார்களாம்.