ஸ்டானிஸ்லாஸ் முடிச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்ட எல்லாரும் தவக்காலத்துக்காக எதையாவது விடுவதாகத் தீர்மானம் செய்தார்கள். ஒருவர் சுருட்டை விட்டார். இன்னொருவர் கள்ளை விட்டார். மலாயாவில், பத்து பாகாட் ஊரில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை பார்த்த ஸ்டானிஸ்லாஸ் தம்முடைய சகலையை விட்டார்.

அதாவது, இந்த வருஷம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு லாபிஸ் போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். லாபிஸில் அவர் மனைவி வினிஃப்ரெட்டின் அக்காள் டொரத்தி இருந்தாள். டொரத்தி இருந்தால் பரவாயில்லை. அவள் புருஷன் ரோலண்டும் இருந்தார். அதுகூடப் பரவாயில்லை. ரோலண்டிடம் ஒரு புலிக்கதை இருந்தது.

ரோலண்டுக்கு லாபிஸ் ரயில் நிலையத்தில் வேலை. முதல் வருஷம் அந்தப் புலி தண்டவாளத்துக்கு அப்பால் காட்டோரமாகப் போயிற்று. அடுத்த வருஷம் பிளாட்பாரத்தில் ஏறிற்று. போன பாஸ்குக்கு டிக்கெட் ஜன்னலில் முகத்தை நீட்டிவிட்டது. எட்டு நாளில் ஒன்பது தடவை, உறுமலோடு சேர்த்துக் கேட்டாயிற்று. இந்த வருஷம் போனால் புலி இரண்டாம் வகுப்பு டிக்கெட்டே கேட்கும் என்பதில் ஸ்டானிஸ்லாஸுக்குச் சந்தேகம் இல்லை.

"என்னங்க, அக்கா கடிதாசி போட்டிருக்காங்க," என்றாள் வினிஃப்ரெட்.

"நீ படிக்கவே வேண்டாம். இந்த வருஷம் நான் வரலே."

"ஏனாம்?"

"ஆத்துல கொடுவா மீன் ஓடுது."

"அது வருஷம் பூரா ஓடுது. நீங்க போடுற முடிச்சும் கூடவே ஓடுது."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஸ்டானிஸ்லாஸ் தூண்டிலை வீசி மீன் பிடிப்பவர். கழியில் சக்கரம், சக்கரத்தில் பட்டு நூல். பட்டு நூலின் நுனியில் நேரே முள்ளைக் கட்டினால் கொடுவா ஒரே உரசலில் அறுத்துவிடும். அதனால் கடைசி இரண்டு முழத்துக்கு நரம்பு. பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுத்துக் காயவைத்த, கண்ணாடி மாதிரியான நரம்பு. நூலையும் நரம்பையும் சேர்க்கிற இடத்தில் ஒரு முடிச்சு விழ வேண்டும். அங்கேதான் வில்லங்கம். முடிச்சு பெரிதாக இருந்தால் கழியின் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். சிறிதாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஸ்டானிஸ்லாஸ் இதுவரை மூன்று கொடுவாவைத் தொட்டிருக்கிறார். மூன்றும் அவருடைய நரம்பை அணிந்துகொண்டுதான் ஊர் போய்ச் சேர்ந்தன.

"இந்தா பாரு வினி, ஒரு ஒப்பந்தம். குருத்து ஞாயித்துக்கு முந்தின சனிக்கிழமைக்குள்ள நான் ஒரு கொடுவாவைக் கரையேத்திட்டா, நாம லாபிஸ் போக வேண்டாம்."

"முடிச்சு அவுந்துச்சுன்னா?"

"வாயத் திறக்காமப் பொட்டியக் கட்டுறேன்."

"அத்தான் புலி சொன்னா?"

"கை தட்டுறேன்."

"சரி," என்றாள் வினிஃப்ரெட்.

பதினான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் எதற்கும் முதல் பேச்சிலேயே சரி சொன்னதில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. மனுஷன் அப்போதே முடிச்சுக்குள் விழுந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வீடு சோதனைச்சாலை ஆயிற்று. ஆபீஸ் விட்டு வந்ததும் ஜன்னல் கம்பியில் பட்டு நூலைக் கட்டுவார். நூலில் நரம்பைச் சேர்ப்பார். நரம்பின் மறுநுனியில் ஒரு துணிப்பை, பைக்குள் அம்மியின் குழவிக்கல். பத்து எண்ணும்வரை தொங்கினால் முடிச்சு பாஸ். வினிஃப்ரெட் எதிரே உட்கார்ந்து, பாஸ்குக்குக் கோயில் பீடத்தில் விரிக்கிற துணிக்கு ஓரம் லேஸ் பின்னிக்கொண்டிருப்பாள். சாமியார் அந்த வேலையை அவளிடம் ஒப்படைத்து மூன்று மாதம் ஆகிறது.

முதலில் படகுத்துறை மலாய்க்காரர் பாக் டோலா சொல்லிக்கொடுத்த முடிச்சு. குழவி தொங்கியது. ஒரு நாள் முழுக்கத் தொங்கியது. ஆனால் முடிச்சு நெல்லிக்காய் அளவு. ஆற்றங்கரையில் வீசினபோது வளையத்தில் மாட்டி, இறாலும் முள்ளும் திரும்பி வந்து அவர் தொப்பியையே பிடித்தன.

அடுத்து, துரை ஒருவர் இரவல் கொடுத்த புத்தகத்தில் இருந்த முடிச்சு. இந்தப் பக்கம் ஐந்து சுற்று, அந்தப் பக்கம் ஐந்து சுற்று, இரண்டு நுனியும் நடுவில் நுழைய வேண்டும். படத்தில் லட்சணமாக இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கினார். நரம்பு படக்கென்று முறிந்தது.

"நரம்ப நனைக்காமலா இழுக்குறீங்க?" என்றாள் வினிஃப்ரெட், லேஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நனைச்சா ஊறிப்போகும்."

"ஊறுனாத்தானே இளகும்?"

"இது புளி இல்லடி, நரம்பு."

"அதுவும் சரிதான். நூல் ஒல்லி, நரம்பு தடி. ஒல்லிய ரெண்டா மடிச்சுக்கிட்டு முடிஞ்சா ரெண்டும் ஒண்ண ஒண்ணு கவ்விக்கும். நான் லேஸுல..."

"உனக்கு லேஸ் பின்னத் தெரியும். மீன் பிடிக்கத் தெரியுமா?"

"மீன் விக்கிறவனத் தெரியும்."

அவர் அடுத்த நரம்பை எடுத்தார். ஒரு ஆண்பிள்ளை, அதுவும் இங்கிலீஷ் புத்தகம் பார்த்து முடிச்சுப் போடுகிறவர், பெண்டாட்டியின் பேச்சைக் கேட்டு நரம்பை ஊறப்போடுவதா? போடமாட்டார். நாற்பது நாளில் முப்பது நாள் போயிற்று. நரம்பு தீர்ந்துகொண்டே வந்தது. சோதனைக்கென்று வினிஃப்ரெட்டின் லேஸ் நூலிலும் இரண்டு கண்டு காணாமல் போயிற்று. குழவி ஏழு தடவை கீழே விழுந்தது. அதில் இரண்டு தடவை தரையில் விழவில்லை, ஸ்டானிஸ்லாஸின் காலில் விழுந்தது. நொண்டிக்கொண்டே ஆபீஸ் போனார். நொண்டிக்கொண்டே வந்து மறுபடியும் கட்டினார். புலியை நினைத்துக்கொள்வார், வலி பறந்துவிடும்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின திங்கட்கிழமை சாயங்காலம், புத்தகத்தின் முடிச்சையும் பாக் டோலாவின் முடிச்சையும் கலந்து, தாமே ஒன்றைக் கண்டுபிடித்தார். குழவி பத்து எண்ணும்வரை நின்றது. பதினொன்று எண்ண அவர் விரும்பவில்லை. சட்டென்று குழவியைக் கழற்றி, நூலைச் சக்கரத்தில் சுற்றி, கழியைச் சுவரில் சாத்திவிட்டு, "இனிமே இத யாரும் தொடக் கூடாது," என்று உத்தரவு போட்டார்.

"நான் ஏங்க தொடப்போறேன்?" என்றாள் வினிஃப்ரெட்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் கழியோடு புறப்பட்டார். பக்கத்து வீட்டுச் சபாபதி, தபாலாபீஸில் இருப்பவர், குடையை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்.

"சார், இன்னிக்குப் பெரிய மீனாப் பாத்துப் பிடிங்க. சின்னது பத்தாது லா," என்றார் சபாபதி.

நல்ல மனுஷன், தைரியம் சொல்கிறார் என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்துக்கொண்டார். துறையில் நின்று முடிச்சை ஒரு தடவை பார்த்தார். திங்கட்கிழமை கட்டினபோது இருந்ததைவிட ஒல்லியாக, வழவழவென்று, நெல்மணி போல இருந்தது. நரம்பும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. நான்கு நாளில் நன்றாக இறுகிப் பக்குவப்பட்டிருக்கிறது! தம் கைவேலையை நினைத்து அவருக்கே மெய் சிலிர்த்தது.

வீசினார். முடிச்சு வளையத்தில் தட்டாமல் வழுக்கி ஓடியது. நடு ஆற்றில் இறால் விழுந்தது. இரண்டாம் வீச்சு. மூன்றாம் வீச்சு. எட்டாம் வீச்சில் ஆறு கழியைப் பிடித்து இழுத்தது.

"அலமாக்!" என்று மலாயில் அலறினார் சபாபதி. குடை தண்ணீரில் விழுந்தது.

கொடுவா ஒரு தடவை துள்ளித் தலையை உதறியது. முன்னே மூன்று தடவையும் இந்த உதறலில்தான் எல்லாம் முடிந்தது. ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டார். முடிச்சு நின்றது. மீன் ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, மறுபடியும் நின்றது. அரை மணி நேரம் கழித்து, பத்துக் காட்டி, அதாவது பதின்மூன்று ராத்தல், எடைக்குக் குறையாத கொடுவா கரைச் சேற்றில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பாக் டோலாவே குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்ன முடிச்சு சார் இது?" என்று கேட்டார் சபாபதி.

ஸ்டானிஸ்லாஸ் மார்பை நிமிர்த்தினார். "ஸ்டானிஸ்லாஸ் முடிச்சு. நானே கண்டுபிடிச்சது. உலகத்துல வேற எவனுக்கும் தெரியாது."

மீனைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாகவே வீட்டுக்குப் போனார். அது சுற்று வழி. வேண்டுமென்றேதான் போனார். வாசலிலேயே குரல் கொடுத்தார்.

"வினி! லாபிஸ் கிடையாது! புலி செத்துது!"

வினிஃப்ரெட் வெளியே வந்தாள். மீனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லது. எட்டுப் பேருக்குப் போதும்," என்றாள்.

அப்போதுதான் ஸ்டானிஸ்லாஸ் சமையலறையைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பெரிய சட்டி அடுப்பில் இருந்தது. பக்கத்தில் அரைத்த மசாலா ஒரு குன்று.

"எந்த எட்டுப் பேரு?"

"நாம ரெண்டு, அக்கா, அத்தான், பிள்ளைங்க நாலு. யோங் பெங் வழியா வர்ற அஞ்சு மணி பஸ்ஸுல வர்றாங்க. பாஸ்கு முடிஞ்சுதான் போவாங்க."

"அடியே! ஒப்பந்தம்?"

"அத நான் மீறலையே. நாம லாபிஸ் போகலைங்க. பீடத்துணி விரிக்க நான் இங்க இருந்தாகணும். அக்காவையும் பாத்தாகணும். தவக்காலத்துல கறி ஆகாது, எட்டுப் பேருக்கு மீன் இல்லாம எப்படிச் சோறு போடுறது? அதான், மீனுக்கு வாங்கன்னு செவ்வாக்கிழமையே எழுதிட்டேன். சபாபதி அண்ணன்தான் தபால்ல சேக்க வாங்கிட்டுப் போனாங்க."

"செவ்வாக்கிழமையா? நான் மீன் பிடிச்சது இன்னிக்கு! பிடிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வினிஃப்ரெட் மீனின் வாயிலிருந்து நரம்பைப் பதமாக எடுத்தாள். முடிச்சை விரலால் தடவினாள்.

"செவ்வாக்கிழமை தூசி தட்டும்போது உங்க முடிச்சு தானா என் கையோட வந்துடுச்சுங்க. நரம்ப ஆறின தேத்தண்ணியில ஊறப்போட்டேன். நூல ரெண்டா மடிச்சேன். உங்க முடிச்சு இருந்த இடத்துல என் முடிச்சப் போட்டேன். போட்டப்புறம்தான் கடிதாசி எழுதினேன்."

ஸ்டானிஸ்லாஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கடைத்தெருவில் அவரைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

"வினி... இது நமக்குள்ள இருக்கட்டும்."

"நான் யார்கிட்டங்க சொல்லப்போறேன்?"

"அப்போ அத எப்படிப் போடறதுன்னு மட்டும் எனக்கு..."

"பாஸ்கு முடியட்டுங்க. லேஸ் இன்னும் ரெண்டு முழம் பாக்கி. ரெண்டு கண்டு நூல வேற யாரோ தீத்துட்டாங்க."

பஸ் அன்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. டொரத்தி வந்தாள், நாலு பிள்ளைகள் வந்தார்கள். கடைசியாக, கையில் புத்தம் புதுத் தூண்டில் கழியோடு ரோலண்ட் வந்தார். பின்னாலேயே, நனைந்த குடையோடு சபாபதியும் வந்தார்.

"சகலை!" என்று ரோலண்ட் ஸ்டானிஸ்லாஸைக் கட்டிக்கொண்டார். "சபாபதி எல்லாம் சொல்லிட்டார்! ஸ்டானிஸ்லாஸ் முடிச்சாமே! உலகத்துலயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியுமாமே! இந்தாங்க நூலு, இந்தாங்க நரம்பு. எங்க, இப்பவே எல்லார் முன்னாலயும் ஒண்ணு போட்டுக் காட்டுங்க பாப்போம்!"

நாலு பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். சபாபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஸ்டானிஸ்லாஸ் வினிஃப்ரெட்டைப் பார்த்தார். வினிஃப்ரெட் லேஸில் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் நூலையும் நரம்பையும் வாங்கி மெதுவாகத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு ரோலண்டை அதில் உட்காரவைத்தார்.

"முடிச்சு எங்க ஓடிப்போகுது சகலை? முதல்ல அந்தப் புலிக்கதையச் சொல்லுங்க. ஒண்ணும் விடாம, ஆரம்பத்துலருந்து சொல்லுங்க."