மடியடியில் நடந்த பெண் பார்ப்பு

பெண் பார்க்க வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று நம்பி எந்த வேலையிலும் இறங்கக் கூடாது. நான் இறங்கினேன். அதுவும் ஒரு பசுவின் மடிக்குக் கீழே.

அப்போதுதான் கால்நடை மருத்துவம் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீடு. 'மாட்டு டாக்டர்' என்று கேட்டதுமே இரண்டு வரன்கள் நழுவியிருந்தன. (சாணி வாடை வருமாம்!) அடுத்து வரச் சம்மதித்தவர், எண்ணூரில் வேலை பார்க்கும் குமரன். அம்மா எனக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு, தலைநிறைய மல்லிகை வைத்து, "மாட்டைப் பத்தி வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்று எச்சரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கன்னியம்மாக்கா ஓடிவந்தார்.

"டாக்டரம்மா, சிட்டு கன்னு போட்டுச்சில்ல, ஒரு காம்புல பாலே வர்ல. அந்தப் பக்கம் மடி பொம்முனு கீது. கொஞ்சம் வந்து பாரும்மா."

பால் உள்ளேயே தேங்கினால் அந்தப் பக்க மடி கெட்டுப்போகலாம். அக்காவுக்கு இருந்ததே அந்த ஒரு மாடுதான். போனோம் வந்தோம் என்று முடித்துவிடலாமென்று பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினேன்.

சிட்டு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. புடவையைத் தூக்கிச் செருகிக் குந்தினேன். மற்ற காம்புகளில் பால் திரியாமல் வந்தது. அடைபட்ட பக்கத்தில் சூடும் இல்லை. காம்பை விரல்களுக்கிடையே உருட்டினால், உள்ளே பட்டாணி போல ஏதோ நழுவி ஓடியது. பீய்ச்சும்போதெல்லாம் அதுதான் துவாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

காலைக் கட்டி, காம்பைத் துடைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, துவாரத்தைக் கருவியால் லேசாக விரித்தேன். சிட்டு வாலைச் சுழற்றி என் மல்லிகையைப் பறக்கவிட்டது.

"யாராவது வாலைப் பிடிங்க!" என்று நிமிராமலே கத்தினேன். ஒரு கை வந்து பிடித்தது. "இறுக்கிப் பிடிப்பா! சோறு துன்னல நீ?"

"துன்னுட்டுதாங்க வந்தேன்" என்றது பவ்யமான ஒரு ஆண் குரல்.

காம்பைப் பிடித்தபடியே திரும்பினேன். போட்டோவில் பார்த்த குமரன்! தெருவில் ஆட்டோ நுழைய வழியில்லாமல் இறங்கி நடந்து வந்திருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் அவர் அம்மா, என்னதான் நடக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் என் விரல்கள் இறுகின. பட்டாணி தெறித்தது. பின்னாலேயே பால் பீய்ச்சியடித்தது. நேராக அந்த அம்மாள் முகத்தில்.

என் அம்மா வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கவேண்டிய நான், "பயப்படாதீங்க, மடிநோய் எதுவும் இல்ல" என்றேன். (படித்த படிப்பு!)

குமரனின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பொண்ணு காபி குடுக்கும்னு வந்தா, இன்னாடா இது, பாலை மூஞ்சிலயே அட்சிட்ச்சு!" என்றவர், சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவேயில்லை.

குமரன் வாலை விடாமலே குனிந்து அந்த உருண்டையை எடுத்தார். "இதுவா அடைச்சிகினு இருந்துச்சு?"

கேட்டாரே! பால் சொட்டும் பட்டுப்புடவையோடு, காம்பின் உள்ளமைப்பைப் பற்றி முழுப்பாடமும் எடுத்தேன். முடிக்கும்வரை அவர் வாலை விடவில்லை. அந்தப் பொறுமைக்காகவே கட்டிக்கொண்டேன்.

இப்போதும் நான் காபி நீட்டினால், மாமியார் முகத்தை மூடிக்கொண்டு, "கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லு" என்பார். விருந்தாளி யாராவது இருந்தால் முழுக்கதையும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அதில் பால் கூடிக்கொண்டே போகிறது. போன பொங்கலன்று சொன்னபோது, தலை துவட்ட ஒரு துண்டு போதவில்லையாம்.