ஐயாத்துரையின் லில்லி வயல்

கோழிக்கூடு அடிக்காமல் தப்புவதற்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான்? கண்டாவளை ஐயாத்துரை வவுனியா வரை போனார். அங்கே ஒரு கண்காட்சியில் பன்னிரண்டு லில்லிக் கிழங்குகள் வாங்கினார். மத்தியான பஸ்ஸில் வந்திறங்கி, நேரே குசினி வாசலில் நின்று மனைவிக்கு அறிவித்தார்.

"இஞ்சேரும், கிணத்தடியில நான் பூந்தோட்டம் வைக்கப்போறன்."

ராஜினி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எந்தக் கிணத்தடி? நான் கோழிக்கூட்டுக்கெண்டு கேட்ட கிணத்தடியோ?"

"ஓம். கூடு எங்கயும் அடிக்கலாம். பூவுக்கு அந்த ஈரம் வேணும்."

"எங்கயும் அடிக்கலாமெண்டால் ஏன் ரெண்டு வருசமா ஒரு இடத்திலயும் அடிக்கேல்ல?"

நியாயமான கேள்விதான். அவளுடைய தம்பி கூட்டுக்கென்று இறக்கிவிட்ட பலகைகள் இரண்டு மாரி கண்டுவிட்டன. கோழிகள் தேசிமரத்தில் படுத்தன. மரநாய் மாதத்துக்கொன்றாக இறக்கிக்கொண்டு போனது. ஐயாத்துரைக்கு முதலில் இடுப்பு நிமிர்த்த முடியாத நாரி நோவு. பிறகு விதைப்பு. பிறகு அரிவு வெட்டு. பிறகு திரும்பவும் நாரி நோவு. "மரநாய்க்குச் சாப்பாடு போடுறது நீங்கள்தான்" என்று ராஜினி ஒருநாள் சொன்னாள். அது அவரை உறுத்தியது. உறுத்தினால் அவர் யோசிக்கத் தொடங்குவார். யோசிக்கத் தொடங்கினால் வேலை நடக்காது.

"ஒரு பேச்சு பேசுவம்," என்றார். "வைகாசியில வாற வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன்னம் ஒரு பூவாவது பூத்தால் கிணத்தடி என்ர. பிறகு கோழிக்கூடெண்ட கதையே இந்த வீட்டில வரக்கூடாது. பூக்காட்டி அண்டைக்கே சுத்தியலைத் தூக்கிறன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

"சரி," என்றாள் ராஜினி. அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கிழங்குப் பையில் நடுகிற முறை மூன்று மொழியில் அச்சடித்திருந்தது. ஐயாத்துரை ஒரு மொழியிலும் வாசிக்கவில்லை. முப்பது வருடம் வயல் செய்தவனுக்குப் பையா பாடம் சொல்லித்தருவது? விதைநெல்லை என்ன செய்வோம்? சாக்கில் கட்டி ஊறப்போடுவோம். அவர் கிழங்குகளைச் சாக்கில் கட்டிக் கிணற்றுத் தொட்டிக்குள் ஊறப்போட்டார்.

இரண்டு நாள் கழித்து அவிழ்த்து எண்ணினார். பதினொன்று. திரும்பவும் எண்ணினார். பதினொன்றேதான்.

"ராஜினி, நான் வாங்கினது பன்னிரண்டோ பதினொண்டோ?"

"வாங்கினது நீங்கள். என்னைக் கேக்கிறியள்."

அன்று முழுக்க அவர் யோசித்தார். கடைக்காரன் ஏமாற்றினானா, அல்லது தனக்கே வயது போய்விட்டதா? இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று பட்டதால் விசாரணையைக் கைவிட்டார்.

பிறகு நிலத்தைச் சேறடித்தார். மட்டம் பார்த்தார். நாலு பக்கமும் வரம்பு கட்டினார். கிழங்குகளைச் சேற்றில் அமுக்கி, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டார். வாசலால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

ராஜினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "எப்ப அரிவு வெட்டு?"

"சிரியும், சிரியும்."

"நான் சிரிக்கேல்ல. மெசினுக்குச் சொல்லி வைக்கவேணுமோ எண்டு கேட்டன்."

ஒவ்வொரு காலையும் அவர் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்து, முளை வந்ததா என்று பார்ப்பார். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று சந்தேகம் வரும். நேற்று வைத்ததற்கு எதிராக வைப்பார். சித்திரை முடிகிறபோது கிழங்குகள் கூழாகிவிட்டன. மணமும் வந்தது. பூ மணம் அல்ல.

பொங்கலுக்கு ஒரு கிழமை இருந்தது. சுத்தியல் அவருடைய கனவில் வந்தது. அந்தக் கலக்கத்தோடு வேலியோரம் நின்றவரின் கண்ணில், பக்கத்துவீட்டு வடிவம்மாவின் முற்றத்தில் ஒரு பெயின்ற் வாளி பட்டது. வாளிக்குள் லில்லி. தண்டின் நுனியில் சிவந்த மொட்டு.

வேலியில் ஆள் நுழையுமளவுக்கு இருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து போனார்.

"அக்கா, அந்த வாளியை எனக்குத் தாங்கோ. என்ர மானப் பிரச்சினை."

வடிவம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தரலாம் தம்பி. ஆனா எனக்கும் ஒரு உதவி வேணும். ஒரு கோழிக்கூடு அடிச்சுத் தாரும்."

ஐயாத்துரை வந்த பொட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் கணக்கு ஒன்று மனதில் ஓடியது. இன்றைக்கு ஒரு கூடு அடித்தால், ஆயுளுக்கும் கூடே அடிக்கத் தேவையில்லை.

"பலகை இருக்கோ அக்கா?"

"இல்லையே தம்பி."

"எங்கட வீட்டில சும்மா கிடக்குது. ராஜினிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சீச்சீ, நான் ஏன் சொல்லுறன்?"

ராஜினியும் நல்லவேளையாக அந்தக் கிழமை முழுவதும் தையல் வகுப்பு என்று காலையிலேயே போய்விட்டாள். தன் பலகைகளைத் தானே களவெடுத்து, பொட்டுக்குள்ளால் கடத்தி, ஐயாத்துரை ஐந்து நாள் வேலை செய்தார். நாரி நோவு வரவில்லை. வெற்றி கிட்டத்தில் நிற்கும்போது நாரிக்கும் உற்சாகம் வரும்போல.

"இருவது கோழி படுக்கவேணும் தம்பி."

"உங்களிட்ட நாலுதானே அக்கா?"

"பெருகாதோ? கதவையும் உயரமா வையும். குனிஞ்சு முட்டை எடுக்கேலாது."

தகரக் கூரை, கம்பி வலை, முட்டை இடப் பெட்டி எல்லாம் வைத்தார். அவருக்கே அதில் குடியிருக்க ஆசை வந்தது.

பொங்கலுக்கு முதல்நாள் விடியற்காலை, விரிந்த பூவோடு லில்லியைச் சேற்று வயலின் நடுவில் நட்டுவிட்டு ராஜினியைக் கூப்பிட்டார்.

"அட! பூத்திட்டுது!" ராஜினி கன்னத்தில் கைவைத்தாள். "நான் தோத்திட்டன். கிணத்தடி உங்கட. இனி உங்களைக் கூடு அடிக்கச் சொல்லவே மாட்டன்."

ஐயாத்துரை கதிரையைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து போட்டு, பூவுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தார். பாதிக் கோப்பை முடியவில்லை. வாசல் படலையில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. வடிவம்மாவின் மருமகன் சஜீவன் ஓட்டிவந்தான். பின்னால் இழுத்துவந்த பெட்டியில் கோழிக்கூடு. அதைப் பிடித்துக்கொண்டு வடிவம்மா.

"தேசிமரத்தடியில இறக்குங்கோ," என்றாள் ராஜினி.

ஐயாத்துரை எழும்பினார். "இது அக்காட கூடெல்லோ?"

"அவவுக்கேன் இருவது கோழிக் கூடு? அந்தப் பூ உங்கட கிழங்குதான். சாக்கில ஊறப்போட்ட அண்டைக்கே நீங்கள் அழுக வைக்கப்போறியள் எண்டு தெரிஞ்சுது. ஒண்டை எடுத்து அக்காட்டக் குடுத்தன்."

"அப்ப பன்னிரண்டுதான்!" என்றார் அவர். அந்த நேரத்தில் அது அவருக்கு ஒரு ஆறுதல். பிறகுதான் மற்றது உறைத்தது. "நீர் பேசாமல் விட்டிருந்தால் நான் தோத்திருப்பன். பந்தயப்படி கூடு வந்திருக்குந்தானே?"

"தோத்திருந்தால் நாரி நோகுதெண்டு படுத்திருப்பியள். வெல்லுறதுக்கெண்டால்தான் நீங்கள் வேலை செய்வியள்."

அவர் பாதிக் கோப்பையைக் கதிரையில் வைத்தார். அதற்குள் கூடு இறங்கிவிட்டது. கோழிகள் உள்ளே போய்ப் பார்த்துத் திருப்திப்பட்டன.

வடிவம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"தம்பி, ரெண்டு மாசம் அந்தப் பூவுக்குத் தண்ணி ஊத்தினது நான். என்ர கூட்டை எப்ப தொடங்கிறீர்?"