எந்த வெரலு வேணாங்க?

கடைக்கு வந்த ஆளைப் பயமுறுத்துவதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டு, நடுநடுவே வியாபாரமும் செய்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பாப்பிரெட்டிப்பட்டி உளி பாய்தான். மரச் சிற்பத்துக்கு வேண்டிய உளியும் கட்டையும் விற்பார். உளி கேட்டால் அவருடைய முதல் கேள்வி, "எந்த வெரலு உங்களுக்கு வேணாங்க?"

அது எண்பதுகள். நான் தர்மபுரியில் அரசாங்க குமாஸ்தா, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. யானை பொம்மை செதுக்கும் பைத்தியம் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

"ஈட்டி மரம் குடுங்க பாய். பன்னண்டு உளி செட்டும் வேணும்."

"ஈட்டியா! கல்லாட்டம் கெடக்குங்க. புதுக் கைக்கு உளி வழுக்குனா நேரா தொடைதான். டாக்டருகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?"

அவரே வெப்பாலைக் கட்டை ஒன்றை எடுத்தார். வெள்ளை மரம், வெட்ட மெது. தட்டை உளி ஒன்று, குழி உளி ஒன்று, தட்டுவதற்குக் கொட்டாப்புளி.

"இது போதுங்க. மொண்ணை உளிதான் ஆள வெட்டும், தீட்டி வெச்சுக்கங்க. கட்டையப் புடிக்கிற கை உளிக்கு முன்னால வரவே கூடாது."

கட்டை வெடிக்காமலிருக்க இரண்டு முனையிலும் மெழுகு பூசியிருந்தது. எல்லோருக்கும் செய்வது போல, என் சட்டைக்கும் கட்டைக்கும் சேர்த்துச் சந்தன அத்தர் தடவி அனுப்பினார்.

வினை அங்கேதான் பிடித்தது. சித்தேரி மலையிலிருந்து சந்தனக் கட்டை கடத்துகிறார்கள் என்று ஃபாரஸ்ட்காரர்கள் கண்ட இடத்தில் பஸ்ஸை நிறுத்திய காலம். வழியில் ஒருவர் ஏறினார், மூக்கை உறிஞ்சினார், நேராக என்னிடம் வந்தார்.

"எறங்குய்யா. ரெண்டு பக்கமும் மெழுகு வெச்சு எதுக்கு அடைச்சிருக்கே?"

"வெப்பாலைங்க சார்..."

"எந்த ஊருலய்யா வெப்பாலை சந்தனமா மணக்குது? உளிதான் வெச்சிருக்கியே, நடு வரைக்கும் வெட்டிக் காட்டு. மேல வெளுப்பா இருந்தா நம்ப மாட்டேன், சந்தனமும் மேல வெளுப்புதான்."

வேலை போச்சு, ஜெயில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். ஆயுளில் முதல்முறையாக உளியை மரத்தில் வைத்தேன். பதற்றத்தில் இடது கை உளிக்கு முன்னால் போய்விட்டது. 'எந்த வெரலு வேணாங்க?' காதுக்குள் அதே குரல்! வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அதே நொடி உளி வழுக்கி, விரல் இருந்த இடத்தைத் தாண்டிப் பாய்ந்தது.

அப்புறம் கட்டையைக் கல்லில் முட்டுக் கொடுத்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி நடுவரைக்கும் போனேன். உள்ளே தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுப்பு. வாசனையே இல்லை. ஃபாரஸ்ட்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏறு, போ" என்றார்.

அடுத்த ஞாயிறு சண்டை போடவே போனேன். "உங்க அத்தரால என் வேலையே போயிருக்கும் பாய்!" என்று வாசலிலேயே கத்தி, நடந்ததையெல்லாம் கொட்டினேன்.

உளி வழுக்கிய இடம் வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். பத்து வந்த பிறகுதான் மூச்சு விட்டார். அவர் கையில் ஒன்பதுதான் இருந்தது. முதல் நாள் இருந்த பயத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இப்போதும் உளியைக் கீழே வைத்ததும் விரலை எண்ணுகிறேன். பத்தும் இருக்குங்க பாய்.