மோட்டார் மூளுமா, கத்துமா?

சத்தம் போடுகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. சத்தத்துக்குப் பெயர் போடுகிறவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. சத்தப் பண்டிதர் என்ற இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்காவது இடி மாதிரி ஒன்று கேட்டதும் நாமெல்லாம் காதைப் பொத்துவோம்; அவர் மட்டும் தலையைச் சாய்த்து, விரலை உயர்த்தி, கண்ணை மூடி, பல்லிடுக்கில் சிக்கிய பாக்கை எடுப்பது போல அதற்குரிய சொல்லை வெளியே எடுப்பார். சத்தம் நிற்காது. அது அவர் கவலையில்லை.

மட்டாஞ்சேரி நல்லசிவம் இதில் முதல் தரம். கொச்சங்காடியில் பாத்திரக்கடை, ஆகவே பழகிய காது. மூட்டை விழுந்தால் ‘தொப்’, பெட்டி விழுந்தால் ‘தடால்’, அண்டா விழுந்தால் ‘டமார்’. மூட்டையோடு ஆளும் விழுந்தால்? ஒருமுறை அப்படி விழுந்தவரைத் தூக்க எல்லோரும் ஓடினார்கள். நல்லசிவம் ‘தொபுக்கடீர்’ என்று முடிவு செய்த பிறகுதான் ஓடினார். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால், “இது அழுகை இல்ல, சிணுங்கல். இனிமேதான் வீறிடும்” என்பார். வைட்டிலா பஸ் சடாரென்று நின்றால், முன்சீட்டில் இடித்த மூக்கைப் பிடித்துக்கொண்டே, “கிறீச் இல்ல, கீச்” என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு நஜ்முதீனின் மகள் அஃப்னாவுக்கு நிச்சயம். பிரியாணி தம்மில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வைப்பினில் படகு ஏறிவிட்டார்கள். மாடித் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் சுவிட்சு கீழே நல்லசிவத்தின் வீட்டில். போட்டார். மோட்டார் சுற்றவில்லை, சத்தம் மட்டும் வந்தது. மெக்கானிக் ரமேஷ்பாபுவுக்குப் போன் செய்தார்.

“சேட்டா, மோட்டர் மூளுன்னுண்டோ?”

இங்கேதான் விதி விளையாடியது. தமிழில் தீ மூளும். மலையாளத்தில் மோட்டார் மூளும், உம்மென்று. கொச்சியிலேயே தலை நரைத்த நல்லசிவத்துக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தீக்குரிய சொல்லைத் தூக்கி ஒரு சத்தத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

“மூளல. ரீங்காரம்னு சொல்லலாம், ஆனா அது வண்டுக்கு. முனகல்னா வலி இருக்கணும்.”

“மூளலாணெங்கில் ஓஃப் ஆக்கணும் சேட்டா. ஞான் வந்நு சரியாக்காம். இல்லெங்கில் கத்தும்.”

மலையாளத்தில் கத்துவது என்றால் எரிவது. இதுவும் அவருக்குத் தெரியும்.

“மோட்டார் எப்படிக் கத்தும்? கத்துறது கழுதை.”

மாடிப்படியிலிருந்து நஜ்முதீன் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, ஆஃப் பண்ணணுமா வேண்டாமா, அதை மட்டும் கேளுங்க. வர்றவங்களுக்குக் கை கழுவத் தண்ணி இல்ல.”

மனைவி ஆவுடையம்மாள் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். நல்லசிவம் குறுக்கே நின்றார்.

“ஆஃப் பண்ணிட்டா சத்தம் எப்படிடீ கேக்கும்?”

“பொகை வருதுங்க.”

“பொகைக்குச் சத்தம் கிடையாது. சும்மா இரு.”

பிறகு ஏதோ வெடித்தது. பிறகு அமைதி.

“இப்போ எந்தா ஒச்ச, சேட்டா?” என்று போனில் சத்தத்தை விசாரித்தார் ரமேஷ்பாபு.

“ஒண்ணும் இல்ல.”

“கத்தி, அல்லே?”

“கத்தல. ‘பட்’டுனுதான் கேட்டுச்சு.”

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பிரியாணியைப் புகழ்ந்தார்கள், நெய் வழிந்த கைகளோடு எழுந்தார்கள். நஜ்முதீன் பெட்டிக்கடையிலிருந்து சோடா வாங்கிவந்து சம்பந்தியின் கையில் தானே ஊற்றினார். பந்தியில் இருந்த நல்லசிவம் தலையைச் சாய்த்து, விரலை உயர்த்தி, “புஸ்ஸுன்னு சொல்லுவாங்க. இது உஸ்” என்றார்.

அப்போது நஜ்முதீனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. சம்பந்தி கையை இழுத்துக்கொண்டார்; மணப்பெண் சமையலறைக்குள் ஓடினாள். அதற்கு நல்லசிவம் இன்றுவரை சொல் தேடிக்கொண்டிருக்கிறார். அலறல் என்றால் பயம் இருக்க வேண்டும். உறுமல் என்றால் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும்.

கர்ஜனை, என்கிறீர்களா?

வாசகரே, முதலில் போய் உங்கள் வீட்டு மோட்டாரை அணைத்துவிட்டு வாருங்கள்.