ரிஷபத்துக்குத் தள்ளப்பட்ட செவ்வாய்

இராஜபாளையம்,
திங்கட்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் வேல்பாண்டி அவர்களுக்கு,

நலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கள் நலத்தைத் தங்கள் தங்கை வெங்கடேஸ்வரி தினமும் அரைமணி நேரம் கைப்பேசியில் விசாரிப்பதால் நான் தனியே விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்காகப் பானுப்பிரியாவின் ஜாதகத்தை இன்னொரு நகல் எடுக்கையில், மூல நோட்டோடு ஒப்பிட்டேன். ஆறாமிடமான மேஷத்தில் இருக்கவேண்டிய செவ்வாய், அச்சில் தோஷம் தரும் ஏழாமிடமான ரிஷபத்தில் நிற்கிறார். காரணத்தைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தேன். எங்கள் ஆலையின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் இடது ஓரம் சரி. ஆனால் சரக்குப் பட்டியலுக்கென வைத்த டேப் அளவை, அதாவது எழுத்து எங்கே தொடங்கவேண்டும் என்ற அளவை, மாற்றாமலே ஜாதகப் படிவத்தைச் செருகியிருக்கிறேன். பதினெட்டாம் எழுத்தில் நிற்கவேண்டிய டேப் இருபத்தாறில் நின்றது. மேல்வரிசை மட்டும் ஒரு கட்டம் தள்ளிப்போனது. ஆக, நம் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷமே கிடையாது. தோஷமுள்ள மகனுக்குத் தோஷமுள்ள பெண்ணே வேண்டுமென்று தேடியவர் மம்சாபுரம் ஐயாதுரை அண்ணாச்சி. பிழையை மறைத்துச் சம்பந்தம் செய்வது முறையன்று என்றேன். வெங்கடேஸ்வரி பொங்கிவிட்டாள்.

"செவ்வா எங்கிட்டுப் போனா ஒங்களுக்கென்ன? அவியளே சரின்னுட்டாக. செத்த நேரம் சும்மா இருக்க மாட்டியளா?"

"டேப் இருபத்தாறில்..."

"அப்பா, கல்யாணம் எனக்கா, பிரிண்டருக்கா?" என்றாள் பானு. "அவரு லீவு போட்டு ரயில் ஏறிட்டாரு!" அழுதுகொண்டே உள்ளே போனவள் இன்னும் சாப்பிடவில்லை. எனினும் விதி விதிதான். திருத்திய ஜாதகத்தையும், டேப் பற்றிய ஒரு பக்க விளக்கத்தையும் (படத்துடன்) இணைத்துள்ளேன். தாங்கள் நேரில் சென்று அண்ணாச்சியிடம் ஒப்படைக்கவும். அவர் நியாயஸ்தர், புரிந்துகொள்வார்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம்.

தங்கள்,
சுந்தரபாண்டியன்

பி.கு.: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். மம்சாபுரம் போகவேண்டாம். போன வருடம் அண்ணாச்சிக்காகத் தாங்கள் கேட்டபோது, மாப்பிள்ளையின் செல்லரித்த ஜாதகத்தையும் நானே அதே பிரிண்டரில் அடித்துக்கொடுத்தது இப்போதுதான் உறைத்தது. பழைய நகலைத் தேடியெடுத்து, அப்போது கையால் எழுதிவைத்த குறிப்போடு ஒப்பிட்டேன். மூன்றாமிடச் செவ்வாயைத் தோஷம் தரும் நான்கில் வைத்திருக்கிறேன். அவருக்கும் தோஷமில்லை, பொருத்தம் அப்படியே நிற்கிறது. தோஷம் என்று அவருக்குத் தட்டிப்போன மூன்று வரன்களைப் பற்றி அண்ணாச்சியிடம் மூச்சுவிட வேண்டாம். அவை தட்டாதிருந்தால் பானுவுக்கு அவர் கிடைத்திருப்பாரா? கடிதத்தைக் கிழித்துவிட்டு, நிச்சயத்துக்குப் பூ சொல்லிவிடவும்.