மண்ணுக்குக் கோணி போர்த்தியவன்

எனக்குச் சில கொள்கைகள் உண்டு. அதில் முதல் கொள்கை, மண்வெட்டியைத் தொடுவதில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். அங்கே கத்தரியும் வெண்டையும் போட வேண்டும், கொத்திக் கொடுங்கள் என்று மனைவி மேனகா கல்யாணமான நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பு வலி என்பேன். ரொம்ப விசுவாசமான வலி. கூப்பிட்டதும் வரும்.

மார்கழி பிறந்ததும் பிரான்சில் இருக்கும் மைத்துனன் வினோத்குமாரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. சுற்றிலும் பனி. கம்பளிக் குல்லா போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் முழங்கால் ஆழம் தோண்டுகிறார். கல் பொறுக்குகிறார். உரம் போட்டு, மேலே வைக்கோல் போர்த்துகிறார். குளிர்காலத்தில் மண்ணைத் தூங்க வைத்தால் வசந்தத்தில் டேலியா நடலாமாம். பூ ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்!

எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கப்பலேறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அங்கே ஒருத்தன் தும்மினால் இங்கே நான் கைக்குட்டை எடுப்பேன்.

"மேனகா! பின்னாடி டேலியாத் தோட்டம் போடப் போறேன்."

"ஐயோ, வேணாங்க. இடுப்பு வலிக்கும்."

"பிரான்சுல எவனுக்காவது வலிக்குதா?"

"அங்க குளுருது. உங்களுக்கு இப்பவே வேர்க்குது."

"டேலியா வர்ற எடத்துல கத்தரிக்காப் பேச்சே வரக் கூடாது. சொல்லிட்டேன்!"

"நான் ஏன் பேசப் போறேன்? அவ்ளோ ஆழமெல்லாம் உங்களால ஆவாது. சும்மா மேலாக்கக் கிளறிட்டு வந்துடுங்க."

மேலாக்கவா! முழங்கால் ஆழம் தோண்டினேன். கல் பொறுக்கினேன். பிள்ளைச்சாவடி ரோட்டிலிருந்து மாட்டு எருவை ஸ்கூட்டரில் கட்டி வந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி மரியாதை செய்தார்கள். வைக்கோல் கிடைக்காததால் கோணி போர்த்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பாவாடை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க அது, போத்திக்கினு படுத்திருக்கறது?"

"மண்ணு. குளுருமில்ல?"

"குளுருதா?" என்றார், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. "டாக்டருகிட்ட காட்டுனீங்களா?"

"மண்ணையா?"

"இல்ல."

மாசியில், நடுவதற்கு டேலியாக் கிழங்கு கொடுத்தனுப்புவதாக மைத்துனன் சொல்லியிருந்தான். அதுவரை மண்ணைத் தொந்தரவு செய்யக் கூடாது. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. இடுப்பு வலி. இந்த முறை கூப்பிடாமலே வந்துவிட்டது.

மாசி வந்தது. கிழங்கு வரவில்லை. கோணியை எடுத்துப் பார்க்கலாமென்று பின்பக்கம் போனேன். கோணி துவைக்கப்பட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் போர்த்திய மறுநாளே மண்ணை யாரோ எழுப்பிவிட்டிருக்கிறார்கள். ஒரு பாத்தி முழுக்கக் கத்தரி பூத்திருந்தது. இன்னொரு பாத்தியில் வெண்டை பிஞ்சு விட்டிருந்தது.

"மேனகா! என் டேலியா எங்கடி?"

அவள் தம்பியுடன் போனில் இருந்தாள். இருங்கள் என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

"ஆமாண்டா வினோத்து, வெண்டக்கா காச்சிடுச்சி. நான் கேட்டாப்புல நல்ல வீடியோவாப் பாத்து அனுப்புன. முழங்கா ஆழம் தோண்டிட்டாரு, பாவம். அடுத்து, அங்க ஆம்பளைங்க பாத்ரூம் கழுவற வீடியோ ஏதாச்சும் இருந்தா அனுப்பு."

உடம்பெல்லாம் எரிந்தது. இனி பிரான்சே நேரில் வந்து கெஞ்சினாலும் துரும்பைக் கூட நகர்த்துவதில்லை என்று அந்த இடத்திலேயே சபதம் செய்தேன்.

வீடியோ மறுநாள் காலை வந்தது. சும்மா சொல்லக் கூடாது, என்ன அழகாகக் கழுவுகிறார்கள்! பிரஷ் வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.